எல்லாப் பருவத்தார்க்கும் யோகாசனம்

(பெரியமடுவில் நடைபெற்ற எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிலே யோகாசனத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் இருபது வயதைச் சிறிதே கடந்த பல்கலைக்கழக மாணவர். படித்ததோ மிஷன் பாடசாலையில். அங்கே காலையில் ட்றில் செய்தோம், மாலையில் பந்தடித்தோம். ஆசனம் ஒன்றேனும் அறியோம். பின்னர் விடுதியில் ஒருநாள், ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தலைகீழாய் நிற்க முனைந்தோம். கழுத்துப் பிடித்து ஒரு கிழமை திரும்பிப் பார்க்க முடியாமற் கிடந்தோம்! தக்க ஆசிரியரிடம் கற்றது அதற்குப் பிறகுதான். ஆகையால் இன்று பேசுவது ஞானியின் உபதேசமன்று; பிழைவிட்டுத் திருந்திய ஒரு மாணவரின் விண்ணப்பமே.

யோகம் என்றதும் பலர் உடலை வளைப்பதையே நினைக்கின்றனர். பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு எட்டு அங்கங்கள் கூறினார். இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்கள் முதலில் நிற்கின்றன, ஆசனம் மூன்றாவது, மூச்சை நெறிப்படுத்தும் பிராணாயாமம் நான்காவது, தியானமும் சமாதியும் முடிவில் வருகின்றன. எம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் இவ்வெட்டு அங்கங்களையும் தமிழிலே விரித்துரைத்தார். ஆகவே இது நேற்று வெளிநாட்டிலிருந்து வந்த நாகரிகமன்று. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, 177 நாடுகளின் ஆதரவோடு, ஜூன் 21-ஐச் சர்வதேச யோகா தினமாகப் பிரகடனஞ் செய்தது. உலகம் போற்றுகின்றது, எம் வீட்டுத் திண்ணையிலோ பாய் சுருட்டியபடியே கிடக்கின்றது.

“நாள் முழுதும் வயலில் முறிகின்றோம், எமக்கு ஏன் தம்பி ஆசனம்?” என்று ஒரு பெரியவர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. களை பிடுங்குகிறவர் மணிக்கணக்காக முன்னே குனிகின்றார், பின்னே நிமிர்வதில்லை. கரையிலே வலை இழுப்பவரின் தோளும் இடுப்பும் ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப உழைக்கின்றன. வேலை உடலை ஒருபுறமாகவே வளைக்கின்றது. புஜங்காசனம் குனிந்த முதுகைப் பின்னே வளைக்கின்றது. தாடாசனம் நிமிர்த்தி நிறுத்துகின்றது. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையிலே, நாட்பட்ட இடுப்பு நோவுக்கு மருந்தின்றி முதலிற் செய்து பார்க்கத் தக்கவற்றுள் யோகப் பயிற்சியையும் சேர்த்திருக்கின்றது. ஆகையால் உழைப்பாளிக்கு ஆசனம் வேண்டாம் என்பது சரியன்று. அவருக்கே அது மிக வேண்டும்.

சிறுவர்க்கு இது விளையாட்டாகவே அமையட்டும். ஒற்றைக் காலில் மரம்போல் நிற்கும் விருட்சாசனத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். யார் கூடநேரம் நிற்பது என்று போட்டியே நடக்கும். உடலைச் சமன் செய்யப் பழகும் பிள்ளை, மனத்தை ஒருமுகப்படுத்தவும் பழகுகின்றது.

வாலிபர்களாகிய எமக்கோ புத்தகமும் கைத்தொலைபேசியும் கூன் போட வைத்துவிட்டன. “பிறவியிலேயே நாம் பலவீனர்” என்று சோர்வோரும் உளர். பெல்லூர் கிருஷ்ணமாச்சார் சுந்தரராஜ ஐயங்கார் (1918–2014) இளமையில் மலேரியா, நெருப்புக்காய்ச்சல், காசநோய் ஆகியவற்றால் நலிந்தவர். தமது தமக்கையின் கணவரும் ஆசிரியருமான கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரிலே பயின்று தேறி, பின்னர் உலகமெங்கும் யோகாசனம் கற்பித்தார். அக்கிருஷ்ணமாச்சாரியாரோ நூறு வயதுவரை வாழ்ந்தவர். ஆளுக்கும் வயதுக்கும் தக்கபடி பயிற்சியை மாற்றவேண்டும், பயிற்சிக்காக ஆளை வருத்தக்கூடாது என்பது அவர் கொள்கை.

முதியோர் இக்கொள்கையையே நினைவிற் கொள்ளவேண்டும். முதுமையின் பெரிய பகை விழுதல். ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுவது அரிது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் கிழமையில் மூன்று நாளேனும் உடற்சமநிலைப் பயிற்சி செய்யவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நிலத்தில் இருக்க முடியாதவர் கதிரையில் இருந்தே கைகால்களை நீட்டி மடக்கலாம். சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கலாம். பொள்ளாச்சிப் பகுதியிற் பிறந்த நானம்மாள் அம்மையார் (1920–2019) சிறு வயதில் தந்தையாரிடம் கற்ற ஆசனங்களைத் தொண்ணூறு வயதுக்கு மேலும் செய்துவந்தார். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கற்பித்தார். 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர் எம் ஆச்சிமாரைப் போன்ற ஒரு கிராமத்துப் பெண்மணியே.

இனி, மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2008-ஆம் ஆண்டில் இப்பகுதியைப் போர் கடந்து சென்றபோது எம் வயதினர் சிறு குழந்தைகள். எம் பெற்றோர் எம்மைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். இன்றும் திருவிழாவில் வெடி வெடித்தால் திடுக்கிட்டுச் சுவரோரம் ஒதுங்குவோரை நாம் காண்கின்றோம். இரவில் உறக்கமின்றி முற்றத்தில் இருப்போரையும் காண்கின்றோம். அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள், போரின் உளக்காயங்களைப் பற்றி ‘மனவடு’ என்னும் நூலைத் தமிழில் எழுதியவர். மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துதல், தியானம், திருநாமத்தை உருவேற்றுதல் ஆகிய எம் மரபு வழிகளை அவர் சிகிச்சையிலே சேர்த்துக்கொண்டார். இந்துக்களுக்குப் பிரணவம் அல்லது சிவநாமம், கத்தோலிக்கர்க்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவர்க்கு உரியதையே அவர் எடுத்துக்கொண்டார் என்பது எம் சிந்தைக்குரியது.

மன்னார் மண்ணில் நாம் தனித்து வாழவில்லை. பாலாவிக் கரையிலே திருக்கேதீச்சரம் இருக்கின்றது, அப்பால் மடுமாதா ஆலயம், அயலிலே பள்ளிவாசல். எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த கத்தோலிக்க நண்பர், “இதைச் செய்தால் நான் மதம் மாறியவன் ஆவேனோ?” என்று எம்மைக் கேட்டதுண்டு. எம் சமயத்துக்கு இது முத்தி நெறி. அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் முதுகை நிமிர்த்தி ஆறுதலாக மூச்சு விடுவதற்கு எந்தச் சமயத்தவரும் யாரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை. வேண்டுபவர் வரட்டும், எவரையும் வற்புறுத்தல் ஆகாது.

சில எச்சரிக்கைகள். வெறும் வயிற்றில், அல்லது உண்டு மூன்று மணி நேரத்தின் பின் பயில்க. நோவு கண்டால் நிறுத்துக. உயர் இரத்த அழுத்தமோ கண்ணழுத்த நோயோ உடையவர் சிரசாசனத்தைத் தவிர்க்கவேண்டும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும். நீரிழிவுக்காரர் ஆசனம் பழகியதும் மருந்தை எறிந்துவிடலாகாது. யோகம் மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. எப்பயிற்சியையும் சவாசனத்தோடு முடித்துக்கொள்க.

முடிவாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழா முடிந்ததும் எம் மண்டபம் அடுத்த ஆண்டுவரை பூட்டிக் கிடப்பது வழக்கம். இவ்வாண்டு கிழமையில் இரு நாளேனும் விடியற் காலையில் அதைத் திறந்து வைப்போம். முறையாகக் கற்ற ஆசிரியர் ஒருவரை அழைப்போம். தாய்மார்க்கு வேறு வேளை ஒதுக்குவோம். முதியோர்க்கு முன் வரிசையில் கதிரை போடுவோம். உறக்கம் இழந்த ஒருவர் எம் மண்டபத்துக்கு வந்து ஒரு நாழிகை அமைதியாக மூச்சு விட்டுச் செல்வாராயின், இவ்விழாவுக்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.