தூண்டிலை மடக்கும் நேரம்



நான் பிறந்தது சிவகங்கைச் சீமையில், கண்மாய்க் கரையில் அமைந்த ஒரு சிற்றூர். கோடையில் கண்மாய் நீர் முழங்காலளவுக்கு வற்றியதும் ஊரார் கூடி நாள் குறிப்பார்கள். அன்று காலை ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசிய மறுகணமே ஊத்தா, கச்சா, பரி, வலை என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஊரே கண்மாய்க்குள் இறங்கிவிடும். அன்று விராலும் கெளுத்தியும் கெண்டையும் மணக்காத வீடு இராது. நீர் குறைந்தால் மீன் எளிதில் அகப்படும்; ஆகவே நீர் குறைந்த காலமே மீன் பிடிக்கும் காலம். இது நான் சிறு வயதில் கற்ற பாடம். அறுபது வயதைக் கடந்த பிறகு, கடல் கடந்து சென்ற ஓரிடத்தில், இதற்கு நேர் எதிரான பாடம் ஒன்றைக் கற்றேன். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தை அமெரிக்க நாட்டின் மொன்டானா மாநிலத்தில், போஸ்மன் என்னும் ஊரில், என் மகள் வீட்டில் கழித்தேன். ராக்கி மலைத்தொடரின் மடியில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,460 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. குளிர் நாடு என்று எண்ணிக் கம்பளிச் சட்டைகளோடு சென்ற எனக்கு அவை பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே பயன்படவில்லை. ஆகஸ்டு அங்கே கோடையின் கடைசிக் கூறு. மலைச்சரிவெங்கும் புல் காய்ந்து பழுத்திருந்தது. உச்சியில் உறைந்திருந்த பனியில் பெரும்பகுதி கோடையின் தொடக்கத்திலேயே உருகி ஓடிவிடுகிறது. பிறகு மழையும் பொய்த்தால், ஓடைகளில் எஞ்சுவது பெரும்பாலும் ஊற்று நீரே.

மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர், பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். ஆசிரியரும் ஆசிரியரும் சந்தித்தால் நட்புக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மாலை அவர், “நாளை விடியற்காலையில் ஓடைக்கு வருகிறீர்களா? உங்களுக்கு ஈத்தூண்டில் கற்பிக்கிறேன்” என்றார். ஆங்கிலத்தில் ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்று சொல்லப்படும் கலையைத்தான் நான் இங்கே ஈத்தூண்டில் என்கிறேன்.

நம் ஊர்த் தூண்டிலில் மண்புழு உண்டு, தக்கை உண்டு. இதில் அவை இரண்டும் இல்லை. சிறிய முள் ஒன்றில் இறகும் நூலும் சுற்றி, ஈயைப்போலவோ வெட்டுக்கிளியைப்போலவோ தோன்றும் பொய்ப்பூச்சி ஒன்றைச் செய்கிறார்கள். அதற்குக் கனமே கிடையாது. கனமற்ற பொருளைத் தொலைவில் எறிவது எவ்வாறு? கனம் முழுவதும் நூலில் இருக்கிறது. சாட்டை வீசுவதுபோலக் கோலைப் பின்னும் முன்னும் வீசினால், கனத்த நூல் காற்றில் விரிந்து, பூச்சியைத் தன் நுனியில் சுமந்து செல்கிறது. இக்கலை மிகப் பழமையானது. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த ஏலியன் என்னும் எழுத்தாளர், மக்கெதோனிய நாட்டு மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழ் முளைக்கும் இறகுகள் இரண்டைப் பொருத்தி மீன் பிடித்ததைக் குறித்து வைத்திருக்கிறார்.

மறுநாள் காலை 6 மணிக்கு ஓடையை அடைந்தோம். அகலம் நம் வகுப்பறை ஒன்றின் அகலம்கூட இராது. நண்பர் முதலில் எடுத்தது தூண்டிற்கோலை அன்று, ஒரு வெப்பமானியை. அதைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கினார். 11 பாகை செல்சியஸ் காட்டியது. “நல்லது” என்று சொல்லிவிட்டுத்தான் கோலைப் பூட்டினார்.

அந்த ஓடையில் வாழ்வது ட்ரவுட் இனத்தைச் சேர்ந்த மீன். அம்மலைகளுக்கே உரிய இந்த வகைக்குத் தாடையின் அடியில் குங்குமம் தீட்டியதுபோல ஒரு செந்நிறக் கீற்று உண்டு. அதனால் ‘கட்த்ரோட்’, அதாவது ‘கழுத்து அறுபட்டது’ என்று பெயரிட்டார்கள். 1805ஆம் ஆண்டில் லூயிசும் கிளார்க்கும் தலைமை தாங்கிச் சென்ற ஆய்வுப் பயணத்தினர் மிசௌரி ஆற்றின் பேரருவியருகே இம்மீனைக் கண்டு எழுதி வைத்தனர். அவ்விருவர் பெயர்களையும் அறிவியல் உலகம் இம்மீனுக்கே சூட்டியிருக்கிறது.

வற்றிய ஓடையில் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். நாம் மீனைக் காண்பதற்கு முன்னர் மீன் நம்மைக் கண்டுவிடும். இங்கே நீங்கள் படித்த ஒளிவிலகல் பாடம் பயன்படுகிறது. நீருக்குள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள ஒரு கூம்புக்குள் அடங்கி, வட்டமான சாளரத்தின் வழியே தெரிவதுபோல் தெரியும். நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்திருக்கும் பொருள்கள் அச்சாளரத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். ஆகவே குனிந்தும் தவழ்ந்தும் நெருங்க வேண்டும். மேலும், மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆதலால் கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கிச் செல்பவன் அதன் முதுகுப் பக்கமாகச் செல்கிறான். இவ்வளவும் கேட்டுக்கொண்டேன். கேட்பது வேறு, செய்வது வேறு. என் நூல் நீரில் விழுந்ததைவிட மரக்கிளைகளில் சிக்கியதே மிகுதி. நண்பர் ஐந்து மீன்களைப் பிடித்து, ஈரக்கையால் தொட்டு, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விடுவித்தார். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பகல் 1 மணிக்கு அவர் மீண்டும் வெப்பமானியை இறக்கினார். 20 பாகை. “போதும், மடக்கிவிடுவோம்” என்றார்.

நான் கெஞ்சினேன். அறுபது வயதைக் கடந்தவன், சிறுவனைப்போல, “இன்னும் ஒரே முறை” என்றேன். அவர் சற்றுத் தயங்கித் தலையசைத்தார். அந்த ஒரு வீச்சில் மீன் அகப்பட்டது. ஒரு சாண் நீளம் இருக்கும். பழக்கமில்லாத கையாதலால் கரைக்கு இழுக்க நெடுநேரம் பிடித்தது. பேரனுக்குக் காட்டப் படம் எடுக்க வேண்டும் என்று அதை நீரினின்று தூக்கினேன். அது துள்ளிக் கூழாங்கற்களில் விழுந்தது. மீண்டும் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தேன். பிறகு நீரில் விட்டேன். அது நீந்திச் செல்லவில்லை. வயிறு மேலாகத் திரும்பிற்று. நண்பர் நீரில் மண்டியிட்டு, அதன் முகத்தை ஓட்டத்துக்கு எதிரே பிடித்தபடி பத்து நிமிடம் இருந்தார். செவுள் இரண்டொரு முறை அசைந்து நின்றுபோயிற்று.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தவறு என்னுடையது. வெப்பமானி காட்டிய எண்ணைப் பார்த்த பிறகும் உங்களுக்கு இணங்கினேன்” என்றார். பிறகு கரையில் அமர்ந்து காரணத்தை விளக்கினார். மீன் மூச்சு விடுவது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் கொண்டு. கடல் மட்டத்தில் 10 பாகையில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11.3 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 பாகையில் சுமார் 9.1 மில்லிகிராம்தான். மலைமேல், காற்றழுத்தம் குறைவாதலால், இரண்டுமே இன்னும் குறையும். அதே வேளையில், நீர் சூடாக ஆக மீனின் உடலுக்குப் பிராணவாயுவின் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலைமை அது. அந்நிலையில் தூண்டிலோடு போராடவும் வைத்து, நீரைவிட்டுத் தூக்கியும் பிடித்தால், கடனுக்கு மேல் கடன் ஏற்றியதாகும். சில மீன்கள் நம் கண்ணெதிரே நலமாக நீந்திச் சென்று, பிறகு எங்கோ மறைவில் இறக்கின்றன. விட்டுவிட்டோம் என்ற திருப்தியோடு நாம் வீடு திரும்புகிறோம்.

மாணவச் செல்வங்களே, அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மீன் ஒன்றுக்காகவா என்று கேட்பீர்கள். மீனை நினைக்க நினைக்க, வேறொரு முகம் வந்து நின்றது. நான் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில், மழை பொய்த்த ஓர் ஆண்டில், என் கணக்கு வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் முதல் பாடவேளையிலேயே கண்ணயர்ந்துவிடுவான். சோம்பேறி என்று முடிவு செய்து, பெஞ்சின்மேல் நிற்கவைத்தேன். மூன்றாம் நாள் அவன் நின்றவாறே மயங்கி விழுந்தான். பிறகுதான் அறிந்தேன்: விடியற்காலை 3 மணிக்கு எழுந்து, நெடுந்தொலைவிலிருந்து வீட்டுக்குக் குடிநீர் சுமந்து வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு அவன் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான். முகத்தில் நீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து, “ஒன்றுமில்லை ஐயா” என்றான். நானும் ஒன்றுமில்லை என்றே எண்ணிக்கொண்டேன். அடுத்த மாதம் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். நிற்கவைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விதான் நான் நீரில் இறக்காத வெப்பமானி.

2024ஆம் ஆண்டில் மொன்டானா மாநிலத்தில் இதற்கென ஒரு விதி இருந்தது. நீரின் வெப்பம் அடுத்தடுத்து மூன்று நாட்கள் 73 பாகை ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 பாகை செல்சியசை எட்டினால், அந்த ஆற்றில் பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன் பிடிப்பதற்குத் தடை விதிக்கலாம் என்றது அவ்விதி. இதனை ‘ஆந்தை விதி’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். காட்டுத் தீக்கு அஞ்சிய மரம் வெட்டும் தொழிலாளர்கள், கடுங்கோடையில் ஆந்தை அலறும் வைகறையிலேயே வேலையைத் தொடங்கிப் பகலில் நிறுத்திவிடும் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. 2024ஆம் ஆண்டுக் கோடையிலும் பல ஆறுகளில் இத்தடை விதிக்கப்பட்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து நண்பர் என்னை மீண்டும் அழைத்துச் சென்றார். இடைப்பட்ட இரவுகளும் வெப்பமாகவே கழிந்திருந்தன. காலை 9 மணிக்கே நீர் 19 பாகையைத் தொட்டிருந்தது. அவர் கோலைப் பூட்டவே இல்லை. “வாருங்கள், ஒன்று காட்டுகிறேன்” என்று கரையோரமாக அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் பாறை இடுக்கிலிருந்து குளிர்ந்த ஊற்று ஒன்று ஓடையில் கசிந்து கலந்துகொண்டிருந்தது. அங்கே வெப்பமானி 12 பாகை காட்டியது. ஒரு கட்டில் அளவே உள்ள அந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு மீன்கள், பெரிதும் சிறிதுமாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு அசையாமல் நின்றன. என்னைப் போன்ற கற்றுக்குட்டியும் வீசிப் பிடித்துவிடலாம். எங்களைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. அந்த ஓடைக்குத் தடையும் இல்லை.

“சட்டம் இடம் தருகிறதே?” என்று கேட்டேன், அவர் என்ன சொல்கிறார் என்று அறிவதற்காக.

“சட்டம் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. இந்த ஓடையின் இன்றைய நிலைமை அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும்” என்றார்.

அன்று நண்பகல் வரை அங்கேயே இருந்தோம். கற்களைப் புரட்டி, மணல் துகள்களை ஒட்டிக் கூடு கட்டி வாழும் புழுக்களைக் காட்டினார். அவை எப்படிச் சிறகு முளைத்து வெளிவருகின்றன, எந்தப் பூச்சியை மீன் எப்போது நாடுகிறது என்றெல்லாம் விளக்கினார். ஈத்தூண்டிலைப் பற்றி நான் மிகுதியாகக் கற்றது, தூண்டிலைத் தொடாத அந்த நாளில்தான்.

ட்ரவுட் மீன் நமக்கு முற்றிலும் அயலானதன்று. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டிலேயே அதற்கெனக் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, மலையோடைகளில் அந்த மீனை வளர்த்தனர். நம் மலைகளில் ஓடை மெலிவது தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய மாதங்களில். மாதம் வேறானாலும், நீரின் இயல்பும் மீனின் மூச்சும் எங்கும் ஒன்றே.

அப்படியானால் எங்கள் ஊர்க் கண்மாயில் நாங்கள் செய்தது தவறா என்று கேட்கலாம். அன்று. அந்தக் கண்மாய் சில நாட்களில் முற்றும் வற்றிவிடும்; பிடிக்காவிட்டாலும் மீன்கள் சேற்றில் மடியும். ஆனால் மலையோடை வற்றிப்போவதில்லை. ஊற்றின் வாயில் ஒண்டியிருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு மீன்கள் கோடையைக் கடந்தால்தான், அடுத்த ஆண்டில் அந்த ஓடையில் குஞ்சுகள் இருக்கும். இரண்டு நீரும் குறைந்த நீர்தான். எந்த நீர் எது என்று அறிவதே அறிவு.

உங்களில் பலர் நாளை ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆவீர்கள். உங்கள் கையில் ஏதேனும் ஒரு கோல் இருக்கும். அதை வீசும் திறமையை உங்களுக்குக் கற்பிக்கப் பலர் உண்டு. வீசுவதற்கு முன் நீரைத் தொட்டுப் பார்க்கும் வழக்கத்தை நீங்களேதான் பழகிக்கொள்ள வேண்டும். நான் அதைக் காலந்தாழ்த்திக் கற்றேன். நீங்கள் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.