பீரங்கி இல்லாத கப்பல்

நடுவர் அவர்களே! காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவுல பிறந்த ஸ்ரீரங்கத்துக்காரன் நான். கப்பலைப் பத்திப் பேச எனக்குத் தகுதி இல்லையா? (சிரிப்பு)

எதிரணி நண்பர் 2017ல வந்த 'காஸி' படத்தைச் சொன்னார். 1971 போரில் விசாகப்பட்டினம் பக்கத்துல பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கின கதை. விசிலடிச்சுத்தான் பார்த்தோம், ஒத்துக்கிறேன். ஆனா அதே டிசம்பர் 9ஆம் தேதி நம்ம 'குக்ரி' போர்க்கப்பல் மூழ்கிச்சே! 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா கப்பலோடவே போனார். அதுக்கு யாருங்க விசிலடிப்பாங்க?

எங்க தெருவுல ஓர் அம்மா. பையன் கடற்படையில. டி.வி.யில கப்பல் வெடிச்சா நாங்க கைதட்டுவோம். அவங்க எழுந்து அடுப்படிக்குப் போயிடுவாங்க.

1961ல வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்துல பீரங்கி இல்லை. இதே திருச்சியில சட்டம் படிச்ச வ.உ.சி., 1906ல வெள்ளைக்காரனுக்கு எதிரா கப்பல் கம்பெனி தொடங்கினார்; கோவைச் சிறையில செக்கிழுத்தார். வந்தப்போ வசூல் இல்லை. இன்னிக்கும் மனசுல நிக்குது. சிவாஜி செக்கிழுக்கும்போது அந்த அம்மா எழுந்து போகலை. உட்கார்ந்து அழுதாங்க.

வெற்றியைக் காட்டுற படம் கைதட்ட வைக்கும். அதுக்குக் கொடுத்த விலையைக் காட்டுற படம்தான் நாட்டுப்பற்றை வளர்க்கும்! (கைதட்டல்)