அனலும் அணுவும்

நெய்வேலியில இருந்து பேசுறேன். இங்கே 1962-ல் சோவியத் உதவியோட முதல் அனல்மின் அலகு ஓடத் தொடங்கிச்சு. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் அதே நாட்டோடதான் 1988-ல் ஒப்பந்தம். ரெண்டு இடத்திலும் நீராவிதான் டர்பைனைச் சுற்றுது. எரிபொருள் மட்டும் வேறு.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இங்கே சுமார் ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரியுது. அப்படின்னா 1,000 மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கே 24,000 டன் வெட்டணும். அதே அளவு அணு உலைக்கு வருஷத்துக்கே சுமார் 25 டன் யுரேனியம் போதும்.

ஆனா இங்கே சுரங்கம் விரிய விரிய வயலும் வீடும் போகுது. அங்கே பயன்படுத்தி முடிச்ச எரிபொருளை ஆயிரக்கணக்கான வருஷம் காவல் காக்கணும். இங்கே விலை கொடுப்பவர் இன்றைய விவசாயி; அங்கே, இன்னும் பிறக்காதவங்க. எது மலிவுன்னு பேசும்போது, இந்த ரெண்டு பேரையும் கணக்கில் சேர்த்துக்குங்க.