சைவ நாயின் வயிறு

நான் கால்நடை மருத்துவர் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஒருவர் கேட்டுவிடுவார்: "டாக்டர், எங்க வீட்ல முட்டைகூட வாங்கறதில்ல. நாய்க்கும் சைவமே போட்டா செரிக்குமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வெளிக்கு எப்படிப் போகுது?" சாப்பிட்டுக்கொண்டே ரேடியோ கேட்பவர்கள் மன்னிக்கணும்.

ஆராய்ச்சிக்கூடத்திலும் இதே கதைதான். வைத்த தீனியை எடை போடுவார்கள். வெளியே வந்ததைச் சிந்தாமல் சேர்த்து, உலர்த்தி, அதையும் எடை போட்டுக் கழிப்பார்கள். மிச்சம்தான் உடம்பில் சேர்ந்த கணக்கு.

மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நாய்க்குக் கணையத்திலிருந்து சுரக்கிறது. அதற்கான மரபணு ஓநாயிடம் 2 நகல். நாயிடம் 4 முதல் 30 வரை! சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தின் எரிக் அக்செல்சன் குழு 2013இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டது. மனுஷனோடு ஒட்டிக்கொண்டு சோறும் கூழும் தின்று பழகிய வயிறு அது. எனக்கு இதைப் படித்தபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ஆனால் வேகணும். நன்றாகக் குழைய வேகணும். ஒரு அம்மா, நாய்க்கு வயிறு சரியில்லை என்று பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாம்பிள் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் முழு முழுக் கொண்டைக்கடலை, தோல்கூடக் கழலவில்லை. "நேத்து வெள்ளிக்கிழமை, சுண்டல் டாக்டர்" என்றார். நாய் எங்கே மெல்லுகிறது? அப்படியே விழுங்கிவிடும். மசித்துப் போட்டிருந்தால் பாதியாவது உடம்பில் ஒட்டியிருக்கும். சோயாவை அரைகுறையாக வேகவைத்தால் இன்னொரு தொல்லை: புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் அழியாமலே இருக்கும்.

செரிப்பது வேறு, போதுவது வேறு. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டும். ஆனாலும் வெறும் பருப்புச் சாதத்தில் வளர்ந்த லாப்ரடார் குட்டிகள் முன்னங்கால் வில்லாய் வளைந்து என் மேசைக்கு வருகின்றன. காரணம் சுண்ணாம்புச்சத்துக் குறைவு. சோற்றிலும் பருப்பிலும் பாஸ்பரஸ்தான் அதிகம். பருப்பிலுள்ள பைட்டேட் என்ற பொருள் இருக்கிற கொஞ்சம் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் விட்டால் சரியாகும் என்பார்கள். ஆனால் நாயின் தோல் நம்மைப்போல வைட்டமின் டி தயாரிக்காது, தீனியில்தான் வரணும். பி12 செடிகொடியில் கிடையாது. குட்டிக்கும் சினை நாய்க்கும் வீட்டுக் கணக்கில் சைவம் வேண்டவே வேண்டாம்.

இதயத்துக்கு வேண்டிய டாரினை நாய் மெத்தியோனினிலிருந்து தானே செய்துகொள்ளும். பூனையால் முடியாது, அதனால் பூனையிடம் இந்தப் பேச்சே எடுக்காதீர்கள். பட்டாணி, பருப்பு அதிகமுள்ள தானியமில்லாத தீனிக்கும் நாய்களின் இதய வீக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வளர்ந்த நாய்க்குச் சைவம்தான் என்றால், முழு ஊட்டம் என்று அச்சிட்ட தீனியாக வாங்குங்கள். சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கூச்சப்படாமல் ஒரு சாம்பிளும் எடுத்துப் போவீர்கள் என்று நம்புகிறேன். பாட்டில் மூடியை மட்டும் இறுக்கி மூடுங்கள்.