பாடகர் குழுவில் யார் நிற்கிறார்கள்?

(சீயமங்கலத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கீபோர்டும் டிரம்ஸும் திரையில் ஓடும் பாடல் வரிகளும் வந்த பிறகு, கோயிலில் பாடகர் குழு எதற்கு என்று கிறித்தவ இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். எனக்கு வேறு கேள்வி. மைக் யார் கையில் இருக்கிறது?

1903-ல் போப் பத்தாம் பயஸ் ஓர் ஆணை போட்டார். பாடகர் குழு என்பது திருப்பணி, அதனால் பெண்களுக்கு அதில் இடமில்லை என்றார். பியானோவுக்குத் தடை, முரசுக்கும் தடை. அறுபது ஆண்டு கழித்து, 1963-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் எல்லோரும் பாடட்டும், அந்தந்த மண்ணின் இசையும் கருவியும் உள்ளே வரட்டும் என்றது. நம் ஊரில் மண்ணின் இசை என்று உள்ளே வந்தது எது? மிருதங்கம் வந்தது, வீணை வந்தது. பறை வாசலிலேயே நின்றது.

சீர்திருத்த சபைகளின் கதை இன்னும் சிக்கலானது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம். சாதி பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று இளம் மிஷனரிகள் சொன்னபோது, சாதி வழக்கத்துக்காக எழுதியவரும் அவர்தான். சாதியை எதிர்த்த அந்த வெள்ளைக்காரர்களோ, தமிழ்ப் பாட்டையும் சேர்த்தே வெளியே தள்ளப் பார்த்தார்கள். தமிழா, மேற்கா என்று அடித்துக்கொண்ட இரண்டு தரப்பிலும் சேரியின் பாட்டு இல்லை.

அதைக் கொண்டுவந்தவர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்றால் தெரியும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். மேற்கத்திய இசையும் கற்றவர். ஆனாலும் கிராமிய மெட்டில், பேச்சுத் தமிழில் ஒரு முழு வழிபாட்டையே அமைத்தார். ஒரே உலையில் ஆக்கிப் பகிர்ந்து உண்பதுதான் அவருக்கு நற்கருணை. கர்நாடகக் கீர்த்தனைக்குப் பயிற்சி வேண்டும், நாலு குரல் பாட்டுக்கு நோட்டு படிக்கத் தெரிய வேண்டும். நாட்டுப்பாட்டை யாரும் பாடலாம், பிடிக்காவிட்டால் மாற்றியும் பாடலாம். இந்த உரிமைதான் அவருக்கு முக்கியம்.

இங்கிருந்து தெற்கே உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர் இருக்கிறது. ஒரே மாதா, ஒரே மறைமாவட்டம். 2008 மார்ச்சில், தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகளை வன்னியக் கத்தோலிக்கர்கள் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தெருவில் இப்படி இருக்க, பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்று பாட எல்லோருக்கும் சமமாக இடம் கிடைத்துவிடுமா?

குழுவில் சேர வருகிறவர்களிடம் 'குரல் சரியில்லை', 'உச்சரிப்பு சரியில்லை' என்பார்கள். யாருடைய உச்சரிப்பு? கீபோர்டு வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை முன்னால் நிற்கும். நம் பிள்ளை பெஞ்சு தூக்கிப் போடும். நான் பாடிய பங்கிலும் இதுதான் நடந்தது.

பறையை உள்ளே கொண்டுபோவோம் என்றால், நம் பிள்ளைகளே சிலர் முகம் சுளிக்கிறார்கள். "சாவுக்கு அடிக்கச் சொல்லி எங்க தாத்தாவைக் கட்டாயப்படுத்தின மேளம், அதை நான் ஏன் தொடணும்?" நியாயமான கோபம் அது. அவனைப் பறை அடிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவனுக்கு வயலின் வேண்டுமா, வயலின் வாசிக்கட்டும். ஊர்த்தெருப் பையன் பறை கற்றுக்கொள்ளட்டும். நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு அன்று மட்டும் பறையை அழைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

கிறிஸ்துமஸ் ஒத்திகை தொடங்கும்போது உங்கள் பங்கில் குழுவின் பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர், யார் ஆர்மோனியத்தில், யார் கோரஸில் என்று எழுதுங்கள். அதைப் பங்குப் பேரவையில் எழுந்து நின்று வாசியுங்கள். அப்புறம் பாட்டைப் பற்றிப் பேசலாம்.