கணினிக்குள் உறங்காத கடிகாரம்

(திருப்பருத்திக்குன்றம் நெசவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெயரில் பருத்தியையும் தறியில் பட்டையும் தாங்கிய இவ்வூரில் உங்களோடு பேச வாய்த்தமைக்கு மகிழ்கிறோம். இங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் எடுப்பித்தார் என்று கல்வெட்டால் அறிகிறோம். ஆண்டைக் குறித்து வைத்தமையால் அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அச்செய்தியில் ஐயமில்லை. எந்தக் கணக்குக்கும் தேதியே உயிர்.

இன்று நம் கணக்குகள் கணினியில் ஏறிவருகின்றன. சில காலத்துக்கு முன் ஓர் அலுவலகத்தில் முதிய நெசவாளர் ஒருவர் சேலையை ஒப்படைத்துச் சீட்டு வாங்கினார். அதில் பல ஆண்டுகளுக்கு முந்திய தேதி விழுந்திருந்தது. கணக்கின்படி, பாவு வாங்குவதற்கு முன்பே அவர் சேலையை நெய்து முடித்துவிட்டார்! அவ்வாரக் கூலிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கூலிக்காக அவர் பலமுறை நடக்க நேர்ந்தது. யாரும் அவரை ஏமாற்றவில்லை. கணினிக்குள் இருந்த சிறு பாட்டரி ஒன்று தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவே.

இரவில் அணைத்த கணினி காலையில் சரியான நேரத்தைக் காட்டுவது எப்படி? அதற்குள் தனிக் கடிகாரம் ஒன்று உண்டு. நாணயம் போன்ற பாட்டரி அதற்கு மின்சாரம் தருகிறது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது 20 மில்லிமீட்டர் அகலமும் 3 வோல்ட் அழுத்தமும் கொண்ட லித்தியம் பாட்டரி. வீடு முழுதும் உறங்க, திண்ணையில் விழித்திருக்கும் காவலாளியைப் போல, மற்ற பாகங்கள் ஓய்ந்த பின்னும் இக்கடிகாரம் ஓடுகிறது.

அதன் உள்ளே குவார்ட்ஸ் படிகத் துண்டு ஒன்று இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது விநாடிக்கு 32,768 தடவை அதிரும். இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். நீங்கள் புட்டாவுக்கு ஊடை எண்ணுவதுபோல, சிறு மின்சுற்று அதிர்வுகளை எண்ணி, 32,768 ஆனதும் ஒரு விநாடி எனக் குறிக்கிறது. விநாடி சேர்ந்து நிமிடமும், நாளும், ஆண்டும் ஆகின்றன.

இக்கடிகாரமும் பிசகும். வெப்பமும் குளிரும் படிகத்தின் அதிர்வை மாற்றும். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால், நாளுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி வேறுபடும். இணையத் தொடர்பு இருந்தால் கணினி வெளியிலிருந்து சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களைக் கொண்டு புதுடில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் பேணுகிறது.

ஆனால் பாட்டரி தீர்ந்து, மின்சாரமும் நின்றால், தேதி பழைய ஆண்டு ஒன்றுக்குப் போய்விடும். அப்போது பாதுகாப்பான இணையப் பக்கங்கள் பலவும் திறக்க மறுக்கும். பழுது இணையத்தில் என்று நாம் எண்ணுவோம், குறையோ பாட்டரியில்.

ஆகவே அலுவலக ஊழியர்கள் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். காலையில் முதற் பதிவுக்கு முன் தேதியைச் சுவர் நாட்காட்டியோடு ஒப்பிடுக. தேதி அடிக்கடி பிசகினால், கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, விவரமறிந்தவரைக் கொண்டு புதிய பாட்டரி இட்டு, தேதியைத் திருத்துக. கழற்றிய பழையதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். சீட்டை மடித்து மடியில் கட்டுமுன் தேதியைப் படியுங்கள். படிக்க இயலாதவர் பிள்ளைகளைக் கொண்டு படியுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்தக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

யந்திரம் சொல்வதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. இழை அறுந்தால் உடனே காணும் கண் உங்களுக்கு உண்டு. அக்கண்ணைச் சீட்டின் தேதி மீதும் வையுங்கள். உழைத்த நாள் பிழையின்றிப் பதிவானால், உழைப்பின் பயன் உரியவரை உரிய காலத்தில் சேரும்.