அன்னை தெரேசாவும் அவருடைய பழைய மாணவிகளும்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் மாத்தளை மாவட்டப் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து வழங்கிய உரை)



வாசிப்பது ஒருவர்தான் என்றாலும் இதை எழுதியது நாங்கள் நால்வர். ஒரே வகுப்பில் படித்தவர்கள். இப்போது இரத்தோட்டை, உக்குவளை, கலேவெலை என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம். கத்தோலிக்கப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டபோது அன்னை தெரேசாவைத் தெரிவு செய்தோம். அதற்குக் காரணம் எங்களுக்குப் புவியியல் படிப்பித்த ஆசிரியை. ஆண்டுதோறும் ஜூன் மாதம் வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து வகுப்புக்கே கடலையும் மிட்டாயும் பகிர்ந்தவர். இந்துப் பிள்ளைகளான எங்களுக்குத்தான் முதலில் தருவார். மேடையில் தன் பெயரைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஆகவே இங்கேயும் சொல்லவில்லை.

“அவவும் ஜியோக்ரபி டீச்சர்தான் பிள்ளைகள்” என்று அவர் அடிக்கடி சொல்வார். கலண்டர்களில் நாங்கள் பார்த்ததெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு கிழவியின் முகம். அவர் பாடம் நடத்தினார் என்பதையே நம்ப முடியவில்லை.

தெரேசா 1910இல் ஸ்கோப்யே நகரில் அல்பேனியக் குடும்பமொன்றில் பிறந்தவர். இயற்பெயர் ஆக்னெஸ். ஒன்பது வயதளவில் தகப்பனை இழந்தார். தாய் திரானே துணி தைத்தும் பூவேலை செய்து விற்றும் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 18 வயதில் லொரேட்டோ சபையில் சேரப் புறப்பட்ட மகள் அதன்பிறகு தாயைக் காணவேயில்லை.

கல்கத்தாவுக்குப் போகும் வழியில், 1928 டிசம்பர் இறுதியில், அவருடைய கப்பல் கொழும்பில் நின்றது. மனிதன் இழுக்கும் றிக்‌ஷாவை அங்கே கண்டு மனம் நொந்தார்கள். ஏறுவதில்லை என்றுதான் எண்ணினார்கள். ஆனால் அழைத்துப்போக வந்தவர் அதிலேயே ஏற்றிவிட்டார். இழுப்பவனுக்குப் பாரம் தெரியாமல் இருக்கவேண்டுமென்று வழியெல்லாம் செபித்ததாக அவர் எழுதியிருக்கிறார். எங்கள் ஆசிரியைக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். “பார்த்தீங்களா, மனசு கேட்கல்ல, ஆனா ஏறிட்டா. நாங்களும் அப்பிடித்தான்” என்பார்.

1931 முதல் எண்டாலியில் புனித மரியாள் பாடசாலையில் புவியியலும் வரலாறும் கற்பித்தார். வங்காள மொழியில் சரளமாகப் பேசியதால் ‘பெங்காலி தெரேசா’ என்று அழைக்கப்பட்டார். 1944இல் அதிபரானார். பாடசாலையில் தான் மகிழ்ச்சியாக இருப்பதாகத் தாய்க்கு எழுதினார். அங்கிருந்து வந்த பதில் பாராட்டு அல்ல. ஏழைகளுக்காகத்தானே இந்தியா போனாய், மறந்துவிடாதே என்று தாய் எழுதியிருந்தார். ஊரில் புண்களோடு கிடந்த ஒரு பெண்ணைத் தான் கழுவிப் பராமரித்து வந்ததையும் குறிப்பிட்டிருந்தார். அதிபராகிவிட்ட மகளுக்கு இப்படி எழுதும் தாய்மார் எங்கள் பக்கத்திலும் குறைவுதான்.

பாடசாலை மதிலுக்கு அந்தப் பக்கம் மோதிஜீல் சேரி. லொரேட்டோக் கன்னியர் பெரும்பாலும் மடத்து எல்லையை விட்டு வெளியே போவதில்லை. பிள்ளைகள் போகலாம். பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குருவான ஜூலியன் ஹென்றி அடிகளாரின் வழிகாட்டலில் மேல்வகுப்பு மாணவிகள் சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார்கள். அவர்கள் கண்டதைக் கேட்டுத்தான் ஆசிரியை அறிந்தார். உலகப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தியவருக்கு மதிலுக்கு அப்பால் உள்ள தெருவை மாணவிகள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். புத்தகங்கள் இதை ஓரிரு வரியில் தாண்டிவிடுகின்றன. பழைய மாணவிகளான நாங்கள் அப்படித் தாண்ட விரும்பவில்லை.

1946 ஆகஸ்டில் கலவரம் வெடித்து விடுதிப் பிள்ளைகளுக்கு உணவு இல்லாமல் போனபோது அவர் தானே தெருவில் இறங்கினார். பிணங்களைக் கண்டார். அடுத்த மாதம் 10ஆம் திகதி டார்ஜிலிங் ரயிலில் அந்த அழைப்பை உணர்ந்தார். அனுமதி கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம் சென்றது. 1948 ஆகஸ்ட் 17இல் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையோடு வெளியேறி, பாட்னாவில் மருத்துவத் தாதிப் பயிற்சி பெற்று, டிசம்பரில் மோதிஜீலுக்கு வந்தார். கரும்பலகை இல்லை. மண்ணில் குச்சியால் எழுத்து எழுதிப் படிப்பித்தார்.

அப்போது அவர் தனி ஆள். 1949 மார்ச் 19இல், கிரீக் லேனில் அவர் தங்கியிருந்த மாடி வீட்டுக்குச் சுபாஷினி தாஸ் என்ற பெண் வந்தார். அவருடைய பழைய மாணவி. ஆசிரியையின் இயற்பெயரான ஆக்னெஸ் என்பதையே துறவுப் பெயராக ஏற்றார். அடுத்து வந்தவர்களும் அதே பாடசாலைப் பிள்ளைகளே. அவர்களில் சிலருக்குப் பள்ளிப் பரீட்சை பாக்கி இருந்தது. அதை முடிக்கச் செய்தார், விடவில்லை. மக்தலேனா கோமஸ் என்பவரை வைத்தியராகப் படிக்க வைத்தார். பிற்காலத்தில் அவருடைய இல்லங்களில் வலிக்கு மருந்து போதாது என்று 1994இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கண்டனம் வந்தது. அதை மறைப்பது சரியல்ல. முதல் பிள்ளைகளில் ஒருத்தியை வைத்தியராக்கியவர் இதில் இன்னும் கவனம் எடுத்திருக்கலாம் என்பதே எங்கள் எண்ணம்.

தாய் திரானே 1972இல் அல்பேனியாவில் இறந்தார். அந்த நாட்டு அரசாங்கம் தாயை வெளியே விடவும் இல்லை, மகளை உள்ளே விடவும் இல்லை. நோபல் பரிசு பெற்றுப் பத்து வருடம் கழித்துத்தான் மகளால் கல்லறையில் பூ வைக்க முடிந்தது. சகோதரி ஆக்னெஸ் 1997 ஏப்ரலில் காலமானார். அதே வருடம் செப்டெம்பர் 5இல் ஆசிரியையும் போனார். இந்தியாவில் அது ஆசிரியர் தினம்.

எங்கள் ஆசிரியையிடம் திரும்பி வருகிறோம். இளைப்பாறிய பின் அவர் தனியாகவே இருந்தார். “இந்த லீவுக்குப் போகலாம்” என்று நாங்கள் நால்வரும் பல லீவுகளைக் கடத்தினோம். அவர் இறந்து மூன்று வாரம் கழித்துத்தான் செய்தி தெரிந்தது. போனபோது பக்கத்து வீட்டு அம்மா ஒரு சிஆர் கொப்பியைத் தந்தார். அவர் படிப்பித்த ஒவ்வொரு வகுப்பின் பெயர்ப் பட்டியலும் அதில் இருந்தது. பெயருக்கு எதிரே ஊர், கலியாணம், வேலை, பிள்ளைகள் என்று பென்சிலால் குறித்து, மாறும்போது அழித்துத் திருத்தியிருந்தார். எங்கள் நால்வரின் விவரமும் சரியாக இருந்தது. யாரிடம் கேட்டு எழுதினாரோ!

பல பெயர்களுக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கிறது. கொப்பி இப்போது எங்களிடம். இந்த மலரை வாசிக்கிறவர்களில் அவரிடம் புவியியல் படித்தவர்கள் கனடாவிலோ சென்னையிலோ வத்தேகமவிலோ எங்கிருந்தாலும், சங்கத்தின் மூலம் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் வரிசையைப் பென்சிலாலேயே நிரப்பி வைக்கிறோம்.